எதிராளி போட்ட மணல்

மில் சங்கு ஊதியதும் ஜேசுதாசன் நேரே தண்ணீர்த்தொட்டிக்குப் போவான். புருவத்திலும் காதுமடலிலும் மூக்குக்குள்ளும் ஒட்டியிருக்கிற பஞ்சைக் கழுவி எடுக்காமல் வெளியே வரமாட்டான். கூட வேலை செய்கிறவர்கள் வெள்ளைத் தலையோடு அப்படியே ராஜபாளையம் கடைத்தெருவில் நடப்பார்கள். அவனுக்கு அது ஆகாது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினில் நிற்கிறவன் என்று ஊரே பார்த்துச் சொல்லிவிடுமே!

அவன் மனசு கிடந்ததெல்லாம் பிட்டிங் ஷெட்டில். அங்கே தூசி கிடையாது. அரமும் சுத்தியலும் எண்ணெய்வாடையும்தான். மெஷின் நின்றுபோனால் பிட்டர் வருகிறவரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவன் வந்து நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் மெஷின் ஓடும். அந்த மரியாதைக்காகவும், ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமலுக்குப் பயந்தும், ஜேசுதாசன் மிஷன் பள்ளிக்கூடத்துச் சாயங்கால வகுப்பில் சேர்ந்தான்.

வகுப்பு நடத்தியவர் மைக்கேல் சார். ஜேசுதாசனைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். மதுரையில் தொழில்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர். கரும்பலகையைத் தொடமாட்டார். மேசைமேல் நாலு சாமானைப் பரப்பிவைத்து, "இன்னைக்குக் கைக்கணக்கு இது" என்பார். கையால் போடுகிற கணக்கு. விசையாவது பளுவாவது, கை கண்டுபிடித்த பிறகுதான் அதற்குப் பேர் சொல்லுவார்.

முதல் கைக்கணக்கு கோழிமுட்டை. ஆளுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் கழிவுப்பஞ்சு, ஒரு முழம் நூல். பள்ளிக்கூட மாடியிலிருந்து போட்டால் உடையக்கூடாது. ஜேசுதாசன் பஞ்சை அளந்து, சுற்றுச் சுற்றாகச் சுற்றி, அழுத்தி, கல்லுமாதிரி ஒரு உருண்டை செய்தான். அதைக் கீழே போட்டதும் வெள்ளைக்கரு பஞ்சு வழியாகக் கசிந்து வந்தது. அவனுக்கு அடுத்தாற்போல் நின்றவன் பஞ்சை இறுக்கவே இல்லை. பொதபொதவென்று விட்டு, மேலே ஒரு நூலைச் சுற்றிப் போட்டான். முட்டை தரையில் விழுந்து, ஒருதரம் குதித்து, சும்மா கிடந்தது.

அவன்தான் சோலைராஜ். மம்சாபுரத்துக்காரன். ஸ்பின்னிங்கில் நூல் நிரம்பிய பாபின் கழற்றுகிற வேலை. தினமும் சைக்கிளில் வந்துபோகிறவன்.

"வெச்சா உடையாத முட்டை, போட்டா ஏன் உடையுது?" என்று கேட்டார் மைக்கேல் சார். "எடை அதே எடைதான். விழுந்து நிக்கிற அந்தக் கணம்தான் உடைக்குது. பஞ்சு அந்தக் கணத்தை நீட்டிக் குடுத்துச்சு. இறுக்கிட்டா எப்படி நீளும்?"

ஜேசுதாசனுக்கு இது புரிந்தது. சோலைராஜைவிடத் தனக்குத்தான் நன்றாகப் புரிந்தது என்றுகூட நினைத்தான். ஆனால் முட்டை அவனுடையதல்லவா பிழைத்தது!

அன்றிலிருந்து பிடித்தது சனியன். எந்தக் கைக்கணக்கு வந்தாலும் ஜேசுதாசன் முதலில் தரையில் சாக்கட்டியால் படம் போடுவான். அழிப்பான், மறுபடி போடுவான். இது சரிதானா என்று தன்னையே கேட்பான். அதற்குள் சோலைராஜ் சாமானைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருப்பான். திடீரென்று, "ஆங், கெடைச்சிட்டு!" என்பான். அந்த 'கெடைச்சிட்டு' காதில் விழும்போதெல்லாம் ஜேசுதாசனுக்கு அடிவயிற்றில் கங்கு வைத்தாற்போல் இருக்கும்.

அதற்குக் காரணமும் தேடிப்பார்த்தான். "அவனுக்கென்ன, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித்தேருக்குச் சறுக்குக்கட்டை போடுற வம்சமாம்லா. அம்புட்டுப் பெரிய தேரை ஒரு கட்டையைச் செருகித் திருப்புறவிய. ரத்தத்துலயே இருக்கு" என்று வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற முத்துவீரனிடம் சொன்னான்.

முத்துவீரன் அதை அப்படியே சோலைராஜிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எவன்லே சொன்னது? எங்கய்யா கடலை வறுத்து விக்காரு. தேருக்குப் போனா வடத்தைக்கூடத் தொடமாட்டாரு. கூட்டத்துல கடலைக்கூடை கவுந்துரும்னு பயம்!"

வம்சமும் இல்லை என்று ஆனபிறகு பொறாமை இன்னும் கூடிப்போயிற்று.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. ஜேசுதாசனின் அக்கா அன்னத்தாய்க்கு அதே மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் வேலை. அவள் வாய்க்கு மில்லே பயப்படும்.

"ஏலே, அந்த மம்சாபுரத்துப் பையன் இன்னைக்கு எங்க ரீல்ல ஒரு கம்பி வளைஞ்சு கெடந்தத நிமுத்திக் குடுத்தாம்லே. கேக்காமலே வந்து செஞ்சான். நல்ல பிள்ளை."

"அதுக்கு என்ன இப்பம்?"

"என்னவா? சோத்தை உருட்டிக்கிட்டே இருக்கியே, தின்னு. உன் மூஞ்சியைப் பாத்தா ரசம் தானாப் புளிச்சிரும்போல இருக்கு."

மைக்கேல் சாருடைய வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. அவரே கொண்டுவந்தது. கட்டுகிறவன் தன் சாமானைத் தானே சோதிக்கக்கூடாது. எதிராளிதான் பளு ஏற்றவேண்டும், உடைகிறவரைக்கும். உடைந்ததும் எழுந்து நின்று, எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று வகுப்புக்குச் சொல்லவேண்டும். "உங்களுக்கு வேண்டியவன் சோதிச்சா மூடி மறைச்சிருவான். நீங்களே சோதிச்சா கை நடுங்கும். எதிராளி போடட்டும்" என்பார். உடையாமல் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் விடமாட்டார்.

பழைய காகிதத்தைச் சுருட்டி முக்காலி செய்து, அதன்மேல் செங்கல் அடுக்குகிற கைக்கணக்கில், சோலைராஜின் முக்காலிக்கு ஜேசுதாசன் எதிராளியாக வாய்த்தான். முதல் செங்கல் நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதை வைக்கும்போது அவன் விரல் ஒரு நூல் முன்னாலேயே விட்டுவிட்டது. செங்கல் 'டக்'கென்று உட்கார்ந்தது. முக்காலி சப்பளிந்துபோயிற்று.

"ஏய், வயித்தெரிச்சல்ல போட்டுட்டான்டோய்!" என்றான் முத்துவீரன் பின்பெஞ்சிலிருந்து.

வகுப்பே சிரித்தது. சோலைராஜும் சிரித்தான். கோபமே இல்லாமல் சிரித்தான், அதுதான் தாங்கவில்லை. ஜேசுதாசன் வேண்டுமென்று விடவில்லை. அப்படித்தான் நினைத்தான். ஆனால் அன்று ராத்திரி பாயில் புரண்டுகொண்டே தன் வலதுகை விரலைத் தடவிப் பார்த்தான். மனசு சொல்லாமல் விரல் விடுமா? விட்டாலும் விடும். யாருக்குத் தெரியும்? தனக்கே தெரியவில்லையே.

அதற்கு அடுத்த மாசம் வீரணன் மேஸ்திரி வகுப்புக்கு வந்தார். பிட்டிங் ஷெட்டுக்குத் தலைமை மேஸ்திரி. காதில் ஒரு பென்சிலும், உள்ளங்கையில் எப்போதும் ஒரு கழிவுப்பஞ்சும் வைத்திருப்பார்.

"எனக்கு ஷெட்டுக்கு ஒரு ஆளு வேணும்," என்றார். "ஒரே ஒரு ஆளுதான். பேசத் தெரிஞ்சவன் வேண்டாம், கட்டத் தெரிஞ்சவன் வேணும். மைக்கேல் சார், நீரு ஒரு கணக்குக் குடும். நின்னு பாத்துட்டு எடுத்துக்கிடுதேன்."

கணக்கு இதுதான்: இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஒன்றரை முழம் இடைவெளி. ஆளுக்கு ஒரு கட்டுத் தென்னை ஈர்க்கு, கொஞ்சம் கழிவுநூல். பசை கிடையாது, ஆணி கிடையாது. பாலம் கட்டவேண்டும். நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, கொட்டாங்கச்சியால் மணல் போடுவார்கள். எவன் பாலம் அதிக மணலைத் தாங்குகிறதோ அவனுக்கு ஷெட்டு.

முதல்நாள் சோதனையிலேயே மற்றவர்கள் பாலங்கள் எல்லாம் ஒடிந்துபோயின. தேறி நின்றவை இரண்டுதான். ஒன்று ஜேசுதாசனுடையது, இன்னொன்று சோலைராஜுடையது. கடைசிச் சோதனை சனிக்கிழமை என்றார்கள். இரண்டு பேரும் புதிதாகக் கட்டவேண்டும். ஒருவன் பாலத்துக்கு மற்றவன் மணல் போடவேண்டும்.

ஜேசுதாசன் அந்த வாரம் முழுக்க ஈர்க்கோடுதான் கிடந்தான். ஒற்றை ஈர்க்கு வளையும், மூன்றைச் சேர்த்துக் கட்டினால் வளையாது. சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. முடிச்சை ஈரநூலால் போட்டால் காயும்போது இறுகும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். ஒன்றுகூட அனுமானம் இல்லை. அன்னத்தாய் விளக்குமாற்றைக் காணோம் என்று தேடி, அது ஈர்க்கு ஈர்க்காகப் பிரிந்து அவன் முன்னால் கிடப்பதைப் பார்த்தாள்.

"நாசமாப் போச்சு. நாளைக்கு வாசல எதை வச்சுலே பெருக்க? உன் பாலத்தை வச்சா?"

"அக்கா, சனிக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ. பொறவு உனக்கு நூறு விளக்குமாறு வாங்கித் தாரேன்."

அவள் அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் முற்றத்தில் கிடந்த பச்சைத் தென்னோலையைக் கிழித்து, ஈர்க்கைச் சீவி அவன் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள்.

சனிக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. வீரணன் மேஸ்திரி முன்பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சோலைராஜின் பாலம் முதலில். ஜேசுதாசன் குனிந்து அதைப் பார்த்தான். அழகாக இருந்தது. தூக்கணாங்குருவி கூடு கட்டினமாதிரி, நினைத்த இடத்தில் குறுக்குக்கட்டு. ஆனால் இடது ஓரத்தில் ஒரு முடிச்சு, ஒற்றை முடிச்சு. அவசரத்தில் போட்டது. காய்ந்த நூல்.

இது நழுவும் என்று ஜேசுதாசனுக்குத் தெரிந்துவிட்டது. வாளியில் மணலைச் சாதாரணமாகக் கொட்டினால் போதும், இருபது கொட்டாங்கச்சிக்குள் நழுவிவிடும்.

கொட்டாங்கச்சியை மணலில் அமுக்கி எடுத்தான். நெல் அளக்கிறபோது எண்ணுகிறமாதிரி, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி, வகுப்பே ராகம் போட்டு எண்ண ஆரம்பித்தது.

"லாபம்…"

அவன் கை வாளிக்கு மேலே நின்றது. முத்துவீரன் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது முதுகில் தெரிந்தது. வாயைத் திறக்கத் தயாராக இருக்கிறான். இப்போது கை கொஞ்சம் உயரத்திலிருந்து கொட்டினாலும், 'வயித்தெரிச்சல்ல போட்டான்' என்பான். வகுப்பு சிரிக்கும். மேஸ்திரி கேட்பார். அது பொய்யென்று ஜேசுதாசனால் சத்தியம் பண்ண முடியுமா? முடியாது.

கொட்டாங்கச்சியை வாளிக்குள்ளே இறக்கினான். அடிவரைக்கும் இறக்கி, வாளியின் பக்கத்தில் சாய்த்து, மணலை நழுவவிட்டான். சத்தமே இல்லை. வாளி ஆடக்கூட இல்லை.

"ரெண்டு…"

மறுபடி அப்படியே.

"என்னலே, பச்சப்பிள்ளைக்கு மருந்து புகட்டுதியா?" என்றான் முத்துவீரன். சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு. இந்தச் சிரிப்பு அவனைச் சுடவில்லை. நல்லது, இப்படியே சிரியுங்கள் என்று இன்னும் மெதுவாகப் போட்டான்.

பத்து ஆயிற்று. இருபது ஆயிற்று. வகுப்பின் ராகம் அவனுக்காகக் காத்துக் காத்து இழுபட்டது. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். நழுவ வேண்டியது நழுவவில்லை. பளு மெல்ல மெல்ல ஏற ஏற, நூல் தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. இருபத்தைந்து தாண்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது. முட்டை! வைத்தால் உடையாது, போட்டால்தான் உடையும். அவன் மணலைப் போடவில்லை, வைத்துக்கொண்டிருந்தான்.

இனி மாற்ற முடியுமா? இத்தனையையும் மெதுவாகப் போட்டுவிட்டு இப்போது ஒன்றை உயரத்திலிருந்து கொட்டினால் குருடனுக்கும் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தான்.

"முப்பத்தொண்ணு…"

முடிச்சு நழுவியது. பாலம் ஒருபக்கமாகச் சரிந்தது. கைதட்டினார்கள்.

"எங்க போச்சு, ஏன் போச்சு? சொல்லு," என்றார் மைக்கேல் சார்.

ஜேசுதாசன் எழுந்து நின்றான். "இடது ஓரத்து முடிச்சு நழுவுச்சு சார்."

"அதுவரைக்கும் எப்படித் தாங்குச்சு?"

அவன் வாயில் பதில் இருந்தது. நான் போட்ட விதத்தால் தாங்கியது. அப்படியென்றால், ஏன் அப்படிப் போட்டாய் என்பார்கள். ஏன்?

"கட்டினவன் கெட்டிக்காரன் சார்," என்றான்.

வகுப்பு 'ஓ' என்று ஆரவாரித்தது. மேஸ்திரிகூடத் தலையை ஆட்டினார். எதிராளியை மெச்சுகிறவன் என்று பேர் கிடைத்தது. அந்தப் பேர் தொண்டையில் மீன்முள்ளுமாதிரி நின்றது.

அடுத்து அவனுடைய பாலம். சோலைராஜ் கொட்டாங்கச்சியை எடுத்து, எல்லாரும் எப்போதும் போடுகிறமாதிரி, வாளி விளிம்புக்கு மேலிருந்து தொபுக் தொபுக்கென்று கொட்டினான். விரோதமும் இல்லை, தயவும் இல்லை. ராகத்துக்கு ஏற்றமாதிரி போட்டான். ஒவ்வொரு கொட்டுக்கும் வாளி துள்ளியது. துள்ளலுக்கெல்லாம் ஈடுகொடுத்து நின்ற பாலம் இருபத்தொன்பதில் நடுவே மடிந்தது.

"நடு ஈர்க்கு ஒடிஞ்சிட்டு சார்," என்றான் சோலைராஜ். "முடிச்சு ஒண்ணுகூட அசையல. நான் இம்புட்டு நல்லாக் கட்டமாட்டேன்."

ஆனால் முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான். வீரணன் மேஸ்திரி எழுந்து சோலைராஜின் தோளைத் தட்டினார். "திங்கக்கெழம ஷெட்டுக்கு வந்துரு."

ஜேசுதாசன் வாசலுக்கு வந்தபோது சோலைராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் சரிந்த பாலம்.

"ஏலே, ஒரு சங்கதி. இந்த முடிச்சைப் பாரேன். ஒத்தை முடிச்சு. அவசரத்துல போட்டுட்டேன், போட்டபொறவுதான் கவனிச்சேன். இது பாதியிலயே போயிருக்கணும். எப்படிலே தாங்குச்சு? மணல் போட்டவன் நீதான், உனக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். சொன்னால் இவன் நேரே மேஸ்திரியிடம் போனாலும் போவான், அப்படிப்பட்டவன். மறுபடி கட்டச் சொல்லுவார்கள். ஒருவேளை ஷெட்டு கிடைக்கும். சோலைராஜ் விட்டுக்கொடுத்துக் கிடைக்கும். காலமெல்லாம் அந்தச் சுமையோடு அரம் பிடிக்கவா?

"எனக்கென்ன தெரியும்? முடிச்சுக்குப் புத்தி வந்திருக்கும்," என்றான் ஜேசுதாசன்.

சோலைராஜ் சைக்கிளில் ஏறாமல், முடிச்சைப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனான். அவனுக்கு விளங்காத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதில் ஜேசுதாசனுக்கு ஒரு இனிப்பு. தெருமுனை வரைக்கும்தான் அது இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து சோலைராஜ் பிட்டர்களுடைய நீலச்சட்டையில் வந்தான். கார்டிங்கில் பெல்ட் அறுந்தால் அவன்தான் வருவான். வந்த வேலையை முடித்துவிட்டு, தூசிக்குள்ளே வந்து நின்று கேட்பான், "யோசிச்சியாலே?" இல்லை என்பான் ஜேசுதாசன். மறுநாளும் கேட்பான். ஷெட்டுக்குப் போனவன் அதோடு மறந்துதொலைக்க வேண்டியதுதானே? முடிச்சே முடிச்சு என்று அலைந்தான். ஜேசுதாசனுக்குத் தன் ரகசியமே தன்னை அரிக்க ஆரம்பித்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பொறுக்க முடியாமல், சோலைராஜின் உள்ளங்கையை விரித்து ஒரு காலிப் பாபினை வைத்தான். "வலிக்குதா?"

"இல்ல."

அதையே எடுத்து ஒரு முழ உயரத்திலிருந்து விட்டான். "இப்பம்?"

"ஆத்தா! ஏலே…" கையை உதறினான் சோலைராஜ். உதறின கை நடுவிலேயே நின்றது. "முட்டை! நீ மணலைப் போடல, வெச்சே!" மில்லே கேட்கிறமாதிரி கத்தினான். "ஏன்லே அப்படி வெச்சே?"

"வயித்தெரிச்சல்ல போட்டுட்டான்னு சொல்லுவானுகன்னு பயந்துதான்," என்றான் ஜேசுதாசன். சொன்னபிறகு அவன் முகத்தையே பார்த்தான். அந்த முகம் கறுக்கும், 'அப்போ நான் ஜெயிக்கலையா?' என்று அதில் ஒரு சந்தேகம் ஏறும் என்று காத்திருந்தான். தன் பாயில் படுத்துப் புரளுகிற அதே சந்தேகம்.

சோலைராஜின் முகம் கறுக்கவில்லை. விளக்கேற்றினமாதிரி இருந்தது. "அதான் சங்கதியா! இத்தனை ராத்திரியா மண்டையைக் குடைஞ்சுதுலே!" என்று பிட்டிங் ஷெட்டைப் பார்த்து ஓடினான்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து ஜேசுதாசனுக்கு முன்னைக்காட்டிலும் எரிந்தது.

சாயங்காலம் வீரணன் மேஸ்திரி கார்டிங்குக்கே வந்துவிட்டார். ஜேசுதாசனை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னைக்கு நீ மணலைப் போடலையாம்லா, வெச்சியாம்லா? ரெண்டு பாலமும் ஒடிஞ்சு விறகாப் போச்சு. எது கெட்டின்னு இனிமே அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதை விடு. அம்புட்டு மணல்லயும் ஒரு வாட்டிகூடக் கை ஆடலையே! ஸ்பின்னிங்குல பாபின் சுத்துற கதிர்களுக்கு எண்ணெய் விட எனக்கு அப்படி ஒரு கை இல்ல. இருக்கிறவன் ஊத்து ஊத்துன்னு ஊத்தி நூலையெல்லாம் கறையாக்குறான். நாளையிலருந்து எண்ணெய்க்கு வா. சோலைராஜோட சுத்து. அவன்தான் உன்னச் சொன்னான்."

வீட்டுக்கு வருவதற்குள் அன்னத்தாய்க்குச் சேதி எட்டியிருந்தது. "கார்டிங் தொலைஞ்சுதா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்த மம்சாபுரத்துப் பையன்தான் சொன்னானாம்லா?"

"சோத்தைப் போடு," என்றான் ஜேசுதாசன்.

"எங்கலே என் நூறு விளக்குமாறு?"

மறுநாள் ஸ்பின்னிங்கில் எண்ணெய்க்குப்பியோடு நின்றான். வரிசையாகக் கதிர்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சொட்டு. கூடினால் நூல் கறைபடும், குறைந்தால் கதிர் சூடேறும். தூசி இல்லை. மூச்சு நெஞ்சின் அடிவரைக்கும் போய் வந்தது. இது அவன் கேட்ட ஷெட்டு அல்ல. அரம் இன்னும் பக்கத்தில் நிற்கிறவன் கையில்தான் இருந்தது. அந்த அரத்தை ஜேசுதாசன் கடைக்கண்ணால் பார்க்காமல் இல்லை.

குப்பியைச் சாய்த்தான். குப்பியின் மூக்கு நுனியில் எண்ணெய் திரண்டு, விழாமல், கதிரைத் தொட்டு இறங்கியது.

"லாபம்…" என்று ராகம் போட்டான் சோலைராஜ், மெஷின் இரைச்சலுக்குள்ளே.

ஜேசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது. கை ஆடிவிடுமே என்று அதை அடக்கிக்கொண்டு, அடுத்த கதிருக்கு நகர்ந்தான்.